நிழலில் வாழக் கற்ற சேம்புக் குடும்பம்

வெளிநோயாளர் பிரிவில் தம் எண் அழைக்கப்படும் வரை காத்திருப்போரின் கண்கள் தாமாகச் சென்று தங்கும் இடங்களுள் ஒன்று, தூணோரம் வைக்கப்பட்டிருக்கும் செடித்தொட்டி. வெயில் எட்டாத அந்த மூலையிலும் மணி பிளாண்ட் கொடி வாடாமல் படர்கிறது. அதனருகே, பச்சை இலையில் வெண்புள்ளிகள் தெளித்தாற்போன்ற டிஃபன்பேக்கியா செடி நிமிர்ந்து நிற்கிறது. பெற்றோருடன் வந்த சிறு குழந்தை அந்த இலையைப் பற்றி இழுக்கும்போது தாய் பதறிக் கையை விலக்குவதும், "இது விஷச் செடியா?" என்று அருகிலிருப்பவரை வினவுவதும் உண்டு.

அக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. அச்செடி, நாம் வறுவலாகவும் குழம்பாகவும் உண்ணும் சேப்பங்கிழங்கின் உறவு, சேனைக்கிழங்கின் உறவு, குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் உறவு. இவை அனைத்தும் தாவரவியலில் அரேசி எனப்படும் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நமக்கு உணவாகும் கிழங்கிலும் நம் வாயைப் புண்ணாக்கும் இலையிலும் இருப்பது ஒரே தற்காப்புக் கருவி. அக்கருவி எதற்காகத் தோன்றிற்று என்பதை அறிந்துகொண்டால், இச்செடிகளைக் கண்டு அஞ்சவும் வேண்டியதில்லை. அவற்றிடம் அசட்டையாக இருக்கவும் மாட்டோம்.

மடலும் கதிரும்

சேம்புக் குடும்பத்தில் ஏறத்தாழ 140 பேரினங்களும் 3,700க்கும் மேற்பட்ட சிற்றினங்களும் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை வெப்பமண்டல மழைக்காடுகளில் வாழ்பவை. தென் அமெரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் மிகுந்து காணப்படுபவை. பிரெஞ்சுத் தாவரவியல் அறிஞர் அந்துவான் லோரான் த ஜுஸ்யூ 1789ஆம் ஆண்டு இவற்றைத் தனிக் குடும்பமாக வகுத்தார். வியன்னா நகரின் ஷோன்புருன் அரண்மனைத் தோட்டத்தில் பணியாற்றிய ஹைன்ரிஹ் வில்ஹெல்ம் ஷாட், இக்குடும்பத்தை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். நம் தாழ்வாரத்துத் தொட்டியில் நிற்கும் டிஃபன்பேக்கியாவுக்கு அப்பெயரை இட்டவரும் அவரே.

இக்குடும்பத்தை இனங்காண ஓர் எளிய வழி உண்டு. அந்தூரியச் செடியில் பளபளக்கும் சிவப்பு வண்ண உறுப்பைப் பூவின் இதழ் என்றே பலரும் எண்ணுகின்றனர். அது இதழன்று, மடல் என்னும் உருமாறிய இலை. அதன் நடுவிலிருந்து நீண்டு நிற்கும் விரல் போன்ற பகுதியே மஞ்சரி. அதனை மடற்கதிர் என்பர். அக்கதிரின் மேல் நெருங்கிப் பதிந்திருக்கும் நுண்ணிய புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு பூ. ஒரு கதிர், அதனைத் தழுவி நிற்கும் ஒரு மடல் என்னும் இந்த அமைப்பை இக்குடும்பத்தின் ஏறத்தாழ எல்லாச் செடிகளிலும் காணலாம்.

அமைப்பு ஒன்றாயினும் அளவில் இக்குடும்பத்தாரிடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. சுமத்ரா தீவின் காடுகளில் வளரும் டைட்டன் ஆரம் என்னும் செடியின் மஞ்சரி 3 மீட்டர் உயரம் வரை எழக்கூடியது. இத்தாலிய இயற்கையியலாளர் ஒடோவார்டோ பெக்காரி 1878ஆம் ஆண்டு அதனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அச்செடி நம் சேனைக்கிழங்கின் பேரினத்தையே சேர்ந்தது. மறுபுறம், குளத்து நீரில் பச்சைத் தூள் போல மிதக்கும் உல்ஃபியா என்னும் தாவரம் முழு வளர்ச்சியடைந்தும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். பூக்கும் தாவரங்களுள் மிகச் சிறியது அதுவே. அதுவும் இக்குடும்பத்ததே.

டைனோசர் காலத்து முன்னோர்

இக்குடும்பம் மிகப் பழைமையானது. போர்ச்சுகல் நாட்டில் தொடக்கக் கிரீத்தேசியக் காலப் படிவுகளில் கிடைத்த புதைபடிவங்கள் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை என 2004ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டன. அவற்றின் வயது 10 கோடி ஆண்டுகளுக்கும் மேல். டைனோசர்கள் உலவிய காலத்திலேயே மடலும் கதிரும் ஏந்திய செடிகள் மண்ணில் இருந்தன என்பது இதனால் பெறப்படுகிறது. டைனோசர்கள் மறைந்து சில மில்லியன் ஆண்டுகள் கழித்துக் கொலம்பியா நாட்டின் செரெஹோன் பகுதியில் தழைத்திருந்த மழைக்காட்டிலும் இக்குடும்பச் செடிகள் இருந்தன. அங்குள்ள நிலக்கரிச் சுரங்கத்தில் அவற்றின் இலைப் பதிவுகள் கிடைத்துள்ளன.

உருவத்தை மட்டும் கொண்டு உறவைத் தீர்மானிப்பது எத்துணை அரிது என்பதற்கும் இக்குடும்பம் சான்றாகும். உல்ஃபியாவும் அதனையொத்த நீர்ப்பாசி போன்ற சிறு செடிகளும் நெடுங்காலம் தனிக் குடும்பமாகக் கருதப்பட்டன. மரபணு ஆய்வுகள் வந்த பின்னரே, அவை சேம்புக் குடும்ப மரத்தில் வெகு தொடக்கத்தில் பிரிந்த ஒரு கிளை என்பது உறுதியாயிற்று. இதற்கு நேர்மாறானது வசம்பின் கதை. குழந்தை உள்ள வீடுகளில் "பிள்ளை வளர்ப்பான்" என்று வழங்கப்படும் வசம்பு, கதிர் போன்ற மஞ்சரி கொண்டிருந்தமையால் இக்குடும்பத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. ஆயின் அதன் திசுக்களில் இக்குடும்பத்துக்கே உரிய ஊசிப் படிகங்கள் இல்லை. மரபணு ஆய்வும் அதனையே உறுதி செய்தது. வசம்பு இன்று தனிக் குடும்பமாக, ஒருவித்திலைத் தாவரங்கள் அனைத்திற்கும் முதலில் பிரிந்த கிளையாக வைக்கப்பட்டுள்ளது.

நிழல் கற்பித்த பாடம்

அடர்ந்த மழைக்காட்டின் தரையை அடையும் ஒளி மிகச் சொற்பம். உச்சியில் மரங்கள் குடை விரித்து நிற்க, அவற்றின் இலையிடுக்குகளின் வழியே சிந்தும் ஒளித்துளிகளே கீழுள்ள செடிகளுக்குக் கிடைக்கின்றன. சேம்புக் குடும்பத்தின் பல கிளைகள் இந்நிழலிலேயே வாழ்ந்து பழகியவை. அவற்றின் உடலமைப்பில் நாம் காணும் பல பண்புகள் இவ்வாழ்க்கையோடு தொடர்புடையவை.

முதலாவது, இலை. நெல், புல், வாழை, தென்னை முதலிய ஒருவித்திலைத் தாவரங்களின் இலைகளில் நரம்புகள் இணையாக ஓடும். சேம்புக் குடும்பத்தில் பல செடிகளின் நரம்புகளோ வலை போலப் பின்னியிருக்கும். அகன்று மெலிந்த இலையைத் தாங்கிப் பிடிக்க வலைப்பின்னல் உதவுகிறது. நிழலில் வாழத் தலைப்பட்ட வேறு சில ஒருவித்திலைத் தாவரங்களிலும் இத்தகைய வலை நரம்புகள் தனித்தனியே தோன்றியிருப்பதை அறிஞர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

இரண்டாவது, ஏறுதல். ஒளியை நாடி மரத்தில் ஏற வேண்டுமாயின் முதலில் மரத்தைக் கண்டடைய வேண்டும். கண்ணில்லாத நாற்று அதனை எவ்வாறு அறியும்? கோஸ்டாரிக்கா நாட்டுக் காட்டில் மான்ஸ்டெரா இனக் கொடியொன்றின் நாற்றுகளை ஆராய்ந்த டொனால்ட் ஸ்ட்ராங், தாமஸ் ரே ஆகிய இருவரும் 1975ஆம் ஆண்டு ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். செடிகள் ஒளியை நோக்கி வளரும் என்பது நாம் பள்ளியில் கற்ற பாடம். இந்நாற்றுகளோ இருளை நோக்கி வளர்ந்தன. காட்டுத் தரையில் மிக இருண்டு தோன்றுவது பருத்த மரத்தின் அடிப்பகுதி. இருளைத் தேடிச் செல்லும் நாற்று மரத்தை அடைந்துவிடுகிறது. மரத்தைப் பற்றிய பின்னரே அது ஒளியை நோக்கித் திரும்பி ஏறத் தொடங்குகிறது.

ஏற ஏற இலையின் வடிவமும் மாறுகிறது. தொட்டியில் தொங்கும் மணி பிளாண்டின் இலை உள்ளங்கை அளவே இருக்கும். அதே கொடியைத் தோட்டத்து மரமொன்றில் ஏறவிட்டால், உயரே செல்லச் செல்ல இலை முறம் போல் அகன்று, ஓரங்கள் கிழிந்து, வேறொரு செடியோ என ஐயுறும்படி தோன்றும். நம் வீடுகளில் நாம் வளர்ப்பது அச்செடியின் இளம்பருவத்தையே. அக்கொடியின் பூர்விகம் பசிபிக் பெருங்கடலிலுள்ள மொரேயா தீவு. அது பூப்பது மிக மிக அரிது. பூப்பதற்கு வேண்டிய ஜிப்பெரலின் என்னும் வளர்ச்சி ஊக்கியை ஆக்கும் மரபணு அதில் சரிவர இயங்காமையே காரணம் என்று 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. பூவும் விதையும் இன்றி, வெட்டி நட்ட தண்டுகளின் வழியாகவே அது இன்று உலகெங்கும் வீடுகளில் பரவியுள்ளது.

காய்ச்சல் காணும் மலர்

இருண்ட காட்டில் பூச்சிகளை அழைப்பதும் எளிதன்று. இக்குடும்பத்தில் சில செடிகள் அதற்கு வெப்பத்தைத் துணைகொள்கின்றன. ஐரோப்பாவில் வளரும் ஆரம் செடியின் கதிர் பூக்கும் வேளையில் சூடாக இருப்பதை லமார்க் 1778ஆம் ஆண்டிலேயே குறித்துள்ளார். பிரேசில் நாட்டைச் சேர்ந்த பிலோடெண்ட்ரான் வகையொன்றில், சுற்றுப்புறம் 4 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்திருந்தபோதும் கதிரின் வெப்பநிலை 38 பாகைக்குக் குறையாமல் இருந்ததை 1972ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் அளந்தறிந்தனர். மனிதருக்கு இவ்வெப்பநிலை காய்ச்சல், அச்செடிக்கோ இயல்பு. இவ்வெப்பத்தால் மணம் எளிதில் ஆவியாகிப் பரவி வண்டுகளை அழைக்கிறது. சேனைக்கிழங்குச் செடி பூக்கும்போது எழும் அழுகல் நாற்றமும் இத்தகைய அழைப்பே.

இவ்வெப்பத்தைத் தூண்டும் பொருள் யாது? 1987ஆம் ஆண்டு இலியா ராஸ்கின் குழுவினர் அதனைக் கண்டறிந்தனர். அது சாலிசிலிக் அமிலம். அதனிலிருந்து பெறப்படும் அசிட்டைல் சாலிசிலிக் அமிலத்தையே நாம் ஆஸ்பிரின் என்று அழைக்கிறோம். ஒரு செடிக்குச் சூடேற்றும் பொருளின் நெருங்கிய உறவு, மனிதரின் காய்ச்சலைத் தணிக்கும் மருந்தாக அமைந்தது இயற்கையின் விந்தைகளுள் ஒன்று.

ஊசிப் படை

இனி, தாயின் கேள்விக்கு வருவோம். நிழலில் வாழும் செடிக்கு ஓர் இலையை உருவாக்குவது எளிதன்று. கிடைக்கும் சிறிதளவு ஒளியைக் கொண்டு சிறுகச் சிறுகச் சேமித்த உணவைச் செலவிட்டே அது ஓர் இலையை விரிக்கிறது. அவ்விலையைப் புழுவோ விலங்கோ தின்றுவிட்டால், இழப்பை ஈடுசெய்ய நெடுநாள் ஆகும். செடியால் எழுந்து ஓடவும் இயலாது. ஆகவே அது தன் திசுக்களில் ஆயுதம் தரித்துள்ளது.

அவ்வாயுதம் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கண்ணுக்குப் புலனாகாத, இருமுனையும் கூர்மையான இவ்வூசிகள் தனிப்பட்ட செல்களுக்குள் கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டுள்ளன. இலையைக் கடிக்கும்போது டிஃபன்பேக்கியாவின் செல்கள் தம் முனையினின்று ஊசிகளை வெளியே உமிழ்கின்றன. அவை நாவிலும் உதட்டிலும் தொண்டையிலும் தைக்க, உடன் சேர்ந்த சாறு எரிச்சலை மிகுவிக்கிறது. நாக்கு வீங்கிப் பேச்சுத் தடைபடுவதால் இச்செடிக்கு ஆங்கிலத்தில் ஊமைக் கரும்பு என்னும் பொருளுடைய பெயர் வழங்குகிறது.

இந்த ஊசிகள் நமக்குப் புதியவையல்ல. சேனைக்கிழங்கை நறுக்கும்போது கை அரிப்பதும், சரியாக வேகாத சேம்பை உண்டால் தொண்டை காறுவதும் இவற்றாலேயே. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குதல், புளி சேர்த்தல், நன்றாக வேகவைத்தல் ஆகியன காறலைத் தவிர்க்க நம் சமையலறைகள் கண்ட வழிகள். ஊசிகள் கொதிநீரில் கரைவதில்லை. ஆயினும் நெடுநேரம் வெந்த கிழங்கு காறுவதில்லை. ஊசிகளோடு சேர்ந்து இயங்கும் புரதங்கள் வெப்பத்தில் சிதைவது இதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

செடியின் நோக்கம் பிறரைத் துன்புறுத்துவதன்று என்பதற்கு மான்ஸ்டெரா டெலிசியோசாவின் பழம் நல்ல எடுத்துக்காட்டு. அது முதிர ஏறத்தாழ ஓராண்டு ஆகும். காயாக இருக்கையில் வாயைப் புண்ணாக்கும் அப்பழம், முழுதும் கனிந்த பின் இனிமையாக உண்ணத்தக்கதாகிறது. விதை முதிரும் வரை காவல்; முதிர்ந்தபின் விருந்து.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மணி பிளாண்ட், டிஃபன்பேக்கியா, பிலோடெண்ட்ரான், மான்ஸ்டெரா, அந்தூரியம், கலேடியம், வெள்ளை மடல் கொண்ட பீஸ் லில்லி ஆகிய அனைத்தும் சேம்புக் குடும்பத்தவை. தவழும் குழந்தையும் நடைபழகும் குழந்தையும் உள்ள வீட்டில் இவற்றைக் கைக்கெட்டாத உயரத்தில் வைப்பதே நன்று. நாய், பூனை வளர்ப்போரும் இதனை மனத்திற் கொள்ளவேண்டும்.

குழந்தை இலையைக் கடித்துவிட்டால் பதற்றம் வேண்டா. பெரும்பாலான நேர்வுகளில் வாயெரிச்சலும் சிறு வீக்கமும் தோன்றிச் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். வாயிலுள்ள துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, நீரால் கழுவி, குளிர்ந்த நீரோ பாலோ சிறிது சிறிதாக அருந்தச் செய்யலாம். வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. தைத்த ஊசிகளின் மேல் அது மேலும் புண்ணாக்கும். மூச்சுவிடத் திணறுதல், எச்சிலை விழுங்க இயலாமல் வடித்தல், குரல் மாறுதல், நாக்கும் உதடும் விரைந்து வீங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரவேண்டும். 108 ஊர்தியை அழைக்கலாம். வரும்போது அச்செடியின் இலையொன்றை ஒரு பையிலிட்டோ, படமெடுத்தோ கொண்டுவந்தால் மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும்.

செடியைக் கத்தரிக்கும்போது கையுறை அணிதல் நலம். சாறு தோலிற் பட்டால் சோப்பிட்டுக் கழுவவேண்டும். கண்ணிற் பட்டால் கசக்காமல், ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவிய பின் கண் மருத்துவரை அணுகவேண்டும்.

சிறுநீரகக் கற்களுள் மிகுதியாகக் காணப்படுபவை கால்சியம் ஆக்சலேட் கற்களே. ஆதலின் அந்நோய்க்கு ஆளானவர்கள் சேப்பங்கிழங்கையும் சேப்பிலையையும் எந்த அளவில் உண்ணலாம் என்பதைத் தம் மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்டறிய வேண்டும். வேகவைத்த நீரை வடித்துவிட்டால், நீரில் கரையும் ஆக்சலேட்டின் ஒரு பகுதி நீங்கும்.

வசம்பைப் பற்றியும் ஒரு சொல். அதிலுள்ள பீட்டா அசரோன் என்னும் பொருள் உடலுக்குக் கேடு விளைவிக்கக்கூடியது என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. நெடுங்கால வழக்கமாயினும், கைக்குழந்தைக்கு அதனை உரைத்துக் கொடுக்குமுன் மருத்துவரின் கருத்தைக் கேட்பது கடமை.

நோயாளியைக் காண வருவோர் சிலர் அன்பின் அடையாளமாகச் செடித்தொட்டிகளைக் கொண்டுவருகின்றனர். தொட்டி மண்ணில் வாழும் பூஞ்சைகள், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோருக்குத் தொற்றை உண்டாக்கக்கூடும். தீவிர சிகிச்சைப் பிரிவிலும் புற்றுநோய் மருந்து பெறுவோரின் அறையிலும் செடிகளை அனுமதிக்காமைக்குக் காரணம் இதுவே. அன்பை மறுப்பதாக எவரும் எண்ண வேண்டா. வீடு திரும்பிய பின்னர், மருத்துவர் இசைவு தந்தால், அச்செடி அவருக்கு நல்ல துணையாகட்டும்.

அடுத்த முறை காத்திருக்கும் வேளையில் தூணோரத்துத் தொட்டியைச் சற்று நின்று பாருங்கள். சிறிதளவு ஒளியைக் கொண்டு வாழும் கலையை அது கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பயின்றுள்ளது. தன் இலையைக் காத்துக்கொள்ளவே அது ஊசி தரித்து நிற்கிறது. கண்ணால் கண்டு மகிழ்வோம். குழந்தையின் கைக்கும் வாய்க்கும் எட்டாமல் வைப்போம். "விஷச் செடியா?" என்று வினவும் தாய்க்கு நாம் கூறத்தக்க விடை அதுவே.